கத்தியும் பாடமும்

ஒரு பாட்டுக்குத் தடை போட்டார்கள்.

1930, ஜனவரி மாதம். கென்யா அப்போது பிரிட்டிஷ் காலனி. கிகுயூ இன மக்கள் வாழ்கிற மலைநாட்டுப் பகுதி முழுக்க ஒரே பாட்டு. பெயர் முதிரிகு. பாட்டோடு ஆட்டமும் உண்டு. ஊர் இளவட்டங்கள் கூடுவார்கள், ஆடுவார்கள், ஆடிக்கொண்டே புதுப்புது வரிகளைக் கட்டிச் சேர்ப்பார்கள். ஒரு வரியில் பாதிரியார் வருவார். அடுத்த வரியில் வெள்ளைக்கார அதிகாரி வருவார். அதற்கடுத்து, வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா தட்டும் உள்ளூர்த் தலைவர். ஒருத்தர் மிச்சமில்லை. எல்லோரையும் பெயர் சொல்லிக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

துப்பாக்கி வைத்திருந்த அரசாங்கத்துக்குப் பாட்டைப் பார்த்து பயம் வந்துவிட்டது. தடை. பாடினால் தண்டனை.

அதே ஜனவரியில் கிஜாபே என்கிற மிஷன் ஊரில் ஹல்டா ஸ்டம்ப் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணி தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்பது கோர்ட்டில் கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் ஊரில் நடந்துகொண்டிருந்த சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அப்படி என்ன சண்டை?

பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுப்பது யார் என்பதுதான். மிஷன் பள்ளிக்கூடமா, முன்னோர்களின் மதமா? ஒரு தலைமுறையையே இரண்டாகப் பிளந்த சண்டை இது. இதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ எழுபது வருஷம் ஆனது. விடையைக் கண்டுபிடித்தவர்கள் பாதிரியார்களும் இல்லை, அரசியல் தலைவர்களும் இல்லை. சில கிராமத்து அம்மாக்கள்.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

*

ஆப்பிரிக்கப் பாரம்பரிய மதம் என்றதும் சினிமாக்காரர்கள் நமக்கு ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். முகத்தில் சாயம், நடுவில் நெருப்பு, சுற்றிலும் ஹூஹூ என்று ஆட்டம். அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

கிகுயூ மக்களின் கடவுள் பெயர் ங்காய். ஒரே கடவுள். சிலை கிடையாது, கோயில் கிடையாது, வேதப் புத்தகமும் கிடையாது. பனி மூடிய கென்யா மலைதான் அவர் தங்குமிடம். அந்த மலையை அவர்கள் கிரின்யாகா என்பார்கள். பூமியில் அவரைக் கும்பிட ஒரு மரம் உண்டு. முகுமோ. அத்தி வகையைச் சேர்ந்த பெரிய மரம். அதை வெட்டக்கூடாது.

இந்த ங்காயிடம் ஒரு விசேஷம். தனிமனுஷ விண்ணப்பத்தையெல்லாம் வாங்கிக்கொள்ள மாட்டார். 'கடவுளே, எனக்கு மட்டும் ஒரு நல்ல வழி காட்டு' என்று யாரும் தனியாகப் போய் நிற்க முடியாது. பிறப்பு, சடங்கு, கல்யாணம், சாவு. வாழ்க்கையின் இந்த நான்கு கட்டங்களில் குடும்பமாகச் சேர்ந்து கூப்பிடலாம். பஞ்சம், வறட்சி என்றால் ஊராகச் சேர்ந்து கூப்பிடலாம். சும்மா சும்மா தொந்தரவு செய்யக்கூடாது.

கடவுளே கூட்டமாக வந்தால்தான் பேசுவேன் என்கிறபோது, ஒழுக்கமும் கூட்டத்தின் சொத்தாகத்தானே இருக்கும்? நீ திருடினால் அது உன் பாவம் மட்டும் இல்லை. உன் வீட்டுக்குத் தீட்டு, உன் ஆடு மாடுக்குத் தீட்டு, செத்துப்போன தாத்தாவுக்கே கோபம். கென்யாவின் கம்பா இனத்தில் பிறந்து, ஆங்கிலிகன் பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்த ஜான் ம்பிட்டி (1931 - 2019) தன் புத்தகங்களில் இதைத்தான் மறுபடி மறுபடி விளக்கினார். ஆப்பிரிக்கப் பாரம்பரிய மதங்களில் சேர வேண்டியதில்லை, அதிலேயே பிறக்கிறார்கள். பிரசாரம் இல்லை, மதமாற்றம் இல்லை. மதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டவும் முடியாது. விதைப்பு, அறுப்பு, கல்யாணம், பஞ்சாயத்து என்று எல்லாவற்றிலும் அது கரைந்து கிடக்கும்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவது?

பள்ளிக்கூடம் இருந்தது. கட்டடம்தான் இல்லை.

எல்.கே.ஜி. வகுப்பு பாட்டியின் அடுப்பங்கரையில். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதையும் விடுகதையும். கதையில் பெரும்பாலும் ஹீரோ முயல். சிங்கத்தையும் கழுதைப்புலியையும் புத்தியால் மடக்குகிற பொடியன். பேராசைப்படுகிற மிருகம் கடைசியில் அவமானப்படும். நீதி என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் அப்பாவோடு போகிற பையன், எந்த நிலம் யாருடையது, எல்லையில் நிற்கிற செடி எது என்று கற்றுக்கொள்வான். அம்மாவோடு போகிற பெண், விதை, மழை, பிள்ளை வளர்ப்பு என்று கற்றுக்கொள்வாள்.

இதெல்லாம் சின்ன வகுப்பு. பெரிய பரீட்சை ஒன்று உண்டு. அதன் பெயர் இருவா. சிறுபிள்ளையைப் பெரிய மனுஷனாக ஊர் ஏற்றுக்கொள்கிற சடங்கு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

முதல் நாள் ஊரே கூடி ஆடும். பையன்கள் முகுமோ மரத்தை நோக்கி ஓடவேண்டும். முதலில் போய் மரத்துக்கு மேலாக மர ஈட்டியை வீசுகிறவன் அந்த வருஷத்து செட்டுக்குத் தலைவன். பையன்கள் மரத்தில் ஏறி இலை ஒடித்துப் போட, பெண்கள் பொறுக்குவார்கள். பிறகு சத்தியப் பிரமாணம். பெரியவர்கள் சொல்படி நடப்போம், இனத்தின் ரகசியங்களை வெளியே விடமாட்டோம். மறுநாள் விடியற்காலை ஆற்றில் குளியல். உடம்பு மரத்துப்போகும் குளிர். அதன்பிறகு கத்தி.

பையன்களுக்கு முன்தோல் அறுப்பு. முகம் சுளிக்கக்கூடாது.

காயம் ஆறுகிற வாரங்கள்தான் நிஜமான வகுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பாளர் உண்டு. பெற்ற தாய் தகப்பனுக்குச் சமம். நிலம் யாருக்கு, சண்டை வந்தால் யாரிடம் போவது, ஆண் பெண் பழக்கத்தில் எல்லைக்கோடு எங்கே, மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது, பொய் சத்தியம் செய்தால் என்ன ஆகும். எல்லாம் பாட்டாகவும் ஆட்டமாகவும் உள்ளே போகும்.

ஒரே வருஷத்தில் சடங்கு முடித்தவர்கள் எல்லோரும் ஒரு ரீகா. அதாவது வயது வகுப்பு. சாகிறவரை அண்ணன் தம்பி, அக்கா தங்கை மாதிரி. ஒருவன் தப்பு செய்தால் போலீஸ் தேவையில்லை, அவன் ரீகாவே அவனைக் கவனித்துக்கொள்ளும். ஒவ்வொரு ரீகாவுக்கும் அந்த வருஷத்தின் பெரிய சம்பவத்தை வைத்துப் பெயர். பெரியம்மை வந்த வருஷமா? ரீகாவின் பெயர் பெரியம்மை. வெள்ளைக்காரர்கள் வந்தபிறகு மேகநோய் முதன்முதலாகத் தலைகாட்டிய வருஷத்து ரீகாவுக்கு அந்த நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள். எழுத்து இல்லாத சமூகம் தன் சரித்திரத்தை இளைஞர்களின் பெயரிலேயே எழுதிவைத்திருந்தது.

இதுவரை எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. இனிமேல் வருவது அழகு இல்லை.

பெண்களுக்கும் அதே நாளில் கத்தி. பத்துப் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். இதைப் பையன்களுக்குச் செய்வதோடு ஒப்பிடவே முடியாது. ரத்தப்போக்கு, சீழ், ஆயுள் முழுக்க வலி, பிரசவத்தில் சிக்கல், சில சமயம் மரணம். உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. இதில் 'அவர்கள் பார்வையில்' என்று சமாதானம் சொல்ல எதுவும் இல்லை. கொடுமை என்றால் கொடுமைதான்.

ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கத்தியைத் தாண்டாத பெண்ணுக்கு ரீகா இல்லை. கல்யாணம் இல்லை. வயது எத்தனை ஆனாலும் அவள் சிறுமிதான்.

ரேஷன் கடையில் ஒரு வழக்கம் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை வேண்டுமா, சோப்பும் சேர்த்து வாங்கு. தனித்தனியாகக் கிடையாது. இருவா அந்த மாதிரி. பாடம் வேண்டுமென்றால் கத்தியும் சேர்த்துத்தான்.

*

ஸ்காட்லாந்து சர்ச்சின் மிஷன் கிகுயூ மண்ணில் முகாம் போட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். ஊருக்கு தொகோட்டோ என்று பெயர் வந்தது. ஸ்காட்லாந்து என்பது உள்ளூர் வாயில் அப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரி கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1909-ல் அந்தப் பள்ளியில் கமாவ் என்றொரு பையன் வந்து சேர்ந்தான். 1914-ல் ஞானஸ்நானம் பெற்று ஜான்ஸ்டன் ஆனான். பிற்காலத்தில் ஜோமோ கென்யாட்டா ஆனான். கென்யாவின் முதல் ஜனாதிபதி.

மிஷனின் தலைவர் ஜான் ஆர்தர் ஒரு டாக்டர். பெண் பிள்ளைகளுக்கு நடப்பதைக் கண்ணால் பார்த்தவர். இதை நிறுத்தியே ஆகவேண்டும் என்று அவர் துடித்ததில் நியாயம் இருந்தது. தொடர்ந்து பிரசங்கம் செய்தும் வேலைக்கு ஆகவில்லை. 1929-ல் மிஷன்கள் பொறுமை இழந்தன. சர்ச் உறுப்பினர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். பெண்களுக்கான சடங்கைக் கைவிடுகிறோம் என்று மட்டும் இல்லை. கிகுயூ மக்களின் அரசியல் அமைப்பான கிகுயூ மத்தியச் சங்கத்தோடும் உறவு கிடையாது என்று சேர்த்துச் சொல்லவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.

கவனித்தீர்களா? இங்கேயும் அதே ரேஷன் கடை. பெண்ணின் உடம்பைக் காப்பாற்றவேண்டும் என்றால் அரசியலை விடு. பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் பாட்டன் பூட்டன் சடங்கை விடு. தனித்தனியாகக் கிடையாது.

கைநாட்டுக்கு அவர்கள் மொழியில் கிரோரே. வைத்தவர்களுக்கும் கிரோரே என்றே பெயர் விழுந்தது. வைக்க மறுத்தவர்கள் தங்களை கரிங்கா என்று சொல்லிக்கொண்டார்கள். கலப்படமில்லாதவர்கள் என்று அர்த்தம். அண்ணன் கிரோரே, தம்பி கரிங்கா. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மிஷன் சர்ச்சுகள் பல ஊர்களில் காலியாகிவிட்டன. முதிரிகு பாட்டு பிறந்தது இந்தக் கொதிப்பில்தான்.

விவாதத்தில் பைபிளையே எடுத்து வீசினார்கள் கரிங்காக்காரர்கள். கிகுயூ மொழிபெயர்ப்பில் கன்னி மரியாளைக் குறிக்க 'முய்ரிது' என்கிற வார்த்தையைப் பாதிரியார்கள் போட்டிருந்தார்கள். கல்யாணம் ஆகாத பெண் என்பதற்கு அந்த மொழியில் அதுதான் வார்த்தை. ஆனால் சடங்கு முடித்த பெண்ணை மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள். 'அப்படியானால் ஏசுவின் தாயாருக்கே இருவா நடந்திருக்கிறது. எங்கள் பெண்களுக்கு மட்டும் ஏன் கூடாது?' என்று கேட்டால் பாதிரியார் என்ன பதில் சொல்வார்? மொழிபெயர்ப்பாளர்கள் வார்த்தையைத் தேடும்போது இவ்வளவு பெரிய கண்ணிவெடி அதில் இருக்கும் என்று யோசித்திருக்கவே மாட்டார்கள்.

விஷயம் லண்டன் வரை போனது. 1929 டிசம்பரில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஆதல் சீமாட்டியும் எலினார் ராத்போனும் இதைப் பற்றிப் பேசினார்கள். கிகுயூ சங்கத்தின் பிரதிநிதியாக கென்யாட்டா அந்த நேரம் லண்டனில்தான் இருந்தார்.

சில வருஷங்கள் கழித்து கென்யாட்டா மறுபடி லண்டன் போய், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் மானுடவியல் மேதை மாலினோவ்ஸ்கியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1938-ல் அவருடைய புத்தகம் வந்தது. 'ஃபேஸிங் மவுண்ட் கென்யா'. தோளில் விலங்குத்தோல், கையில் ஈட்டி என்று போட்டோவுக்கு போஸ் கொடுத்திருந்தார். தன் மக்களின் மதத்தையும் கல்வியையும் ஓர் ஆப்பிரிக்கனே உள்ளிருந்து எழுதிய முன்னோடிப் புத்தகங்களில் ஒன்று.

அதில் இருவாவுக்கு அவர் செய்கிற வக்காலத்து சுவாரசியமானது. அறுவை சிகிச்சை நல்லது என்று அவர் வாதாடவில்லை. வாதத்தின் உயிர் அங்கே இல்லவே இல்லை என்கிறார். இனத்தின் சட்டம், மதம், ஒழுக்கம் எல்லாவற்றையும் கற்றுத்தருகிற ஏற்பாட்டுக்கு அந்தச் சடங்குதான் வாசல். வாசலை இடித்தால் வீடே விழும். இதுதான் அவர் கட்சி.

யோசித்துப் பார்த்தால், தன்னையும் அறியாமல் அவர் ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார். முக்கியம் பாடம்தான், கத்தி இல்லை. அப்படியானால் கத்தியை எடுத்துவிட்டுப் பாடத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா? அடுத்து வரவேண்டிய கேள்வி இதுதான். இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று சொல்லி அந்தக் கதவை அவரே சாத்திவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவரும் அவருடைய எதிரியான டாக்டர் ஆர்தரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. இரண்டும் பிரிக்கமுடியாதவை என்றுதான் இருவருமே நம்பினார்கள். அதனால் மொத்தமாக விடு என்றார் ஒருவர். மொத்தமாக வைத்துக்கொள் என்றார் இன்னொருவர்.

*

கைநாட்டு வைக்காதவர்களின் பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளியில் இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள். கிகுயூ சுயேச்சைப் பள்ளிகள் சங்கம் என்று ஒன்று, கரிங்கா கல்விச் சங்கம் என்று ஒன்று. மண்சுவர், புல்கூரை. வெள்ளைக்காரன் உதவி ஒரு சல்லி கிடையாது. இங்கிலீஷும் வேண்டும், இருவாவும் வேண்டும் என்றார்கள். பைபிளையும் விடவில்லை. மிஷன் பாதிரியார் ஞானஸ்நானம் தரமாட்டார் என்பதால், 1935-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து டேனியல் அலெக்ஸாண்டர் என்கிற கறுப்பின ஆர்ச்பிஷப்பை வரவழைத்து, தங்களுக்கென்று பாதிரிகளைத் தயார் செய்துகொண்டார்கள்.

1939-ல் கிதுங்குரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை படித்துத் திரும்பிய ம்பியூ கொய்னாங்கே ஆரம்பித்தார். 1946-ல் கென்யாட்டா நாடு திரும்பியபிறகு அதன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. கட்டட நிதி வசூலித்த விதம்தான் அழகு. ரீகா ரீகாவாகப் பணம் கேட்டார்கள். எங்கள் ரீகா பெரிதா, உங்கள் ரீகா பெரிதா என்று போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். பழைய மதம் உருவாக்கிய சகோதரத்துவம், புதிய கல்லூரிக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தது.

1952 அக்டோபரில் அவசரநிலை. மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்குகிறேன் என்று அரசாங்கம் சுயேச்சைப் பள்ளிகளை இழுத்து மூடியது, மற்றதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. கென்யாட்டா கைது. கிதுங்குரி கல்லூரி வளாகம் சிறையானது. அங்கே தூக்குமேடை வைத்தார்கள்.

'சிலுவையில் தொங்கும் சாத்தான்' நாவல் மூலம் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான கூகி வா தியாங்கோ (1938 - 2025) அப்போது கரிங்கா பள்ளி ஒன்றின் மாணவர். ராத்திரி நெருப்பைச் சுற்றிக் கேட்ட முயல் கதைகளும் பள்ளிக்கூடப் பாடமும் அதுவரை ஒரே மொழியில் இருந்ததாக எழுதியிருக்கிறார். 1952-க்குப் பிறகு பள்ளி வளாகத்தில் கிகுயூ பேசினால் பிரம்படி. அல்லது 'நான் முட்டாள்', 'நான் கழுதை' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியவேண்டும். பாட்டியின் அடுப்பங்கரை ஒரு பக்கம், வகுப்பறை ஒரு பக்கம் என்று பிள்ளையின் மனசு இரண்டாகக் கிழிந்தது.

1929 சண்டையை வைத்து அவர் எழுதிய நாவல் 'தி ரிவர் பிட்வீன்', 1965-ல் வந்தது. கிறிஸ்தவப் பிரசங்கியாரின் மகள் முதோனி வீட்டுக்குத் தெரியாமல் சடங்குக்குப் போகிறாள். அவளுக்கு ஏசுவும் வேண்டும், தன் இனத்துப் பெண்ணாகவும் ஆகவேண்டும். காயம் ஆறாமல் செத்துப்போகிறாள். ஊர் இரண்டு பட்டதற்கு ஒரு பெண்பிள்ளையின் உடம்பு விலை.

*

சரி, இத்தனை கூச்சலில் பெண்களை யாராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. ஆனால் அவர்கள் பேசினார்கள். மிஷனைச் சேர்ந்த கிகுயூ பெண்கள் சிலர் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ங்கோ யா துய்ரிது. பெண்பிள்ளைகளின் கேடயம் என்று பொருள். 1931 டிசம்பரில் உள்ளூர் நிர்வாக சபைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சாராம்சம் இதுதான். இதைப் பற்றி ஆண்கள் பேசுவதே எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வலியும் எங்களுக்கு, பிரசவமும் எங்களுக்கு, சாவும் எங்களுக்கு. சடங்கு செய்துகொள்ளாதவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இந்தக் கடிதத்துக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை.

இன்னொரு உதாரணம். அதே கென்யா மலையின் இன்னொரு சரிவில் இருக்கிறவர்கள் மேரு இனத்தார். 1956-ல் அவர்களுடைய பெரியவர்கள் சபை, பிரிட்டிஷ் அதிகாரிகளின் தூண்டுதலில், பெண்களுக்குக் கத்தி வைப்பதைத் தடை செய்தது. சபையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கடையில் பிளேடு வாங்கிக்கொண்டு, காட்டுக்குள் போய், தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். 'நானே செய்துகொள்வேன்' என்று பொருள்படும் ங்காய்த்தானா என்பதுதான் அவர்களுடைய பெயரே. மூன்று வருஷத்தில் 2,400 பேருக்கு மேல் வழக்கு. பெண்பிள்ளைகள், தாய்மார்கள், தகப்பன்மார்கள்.

படிக்கும்போது கை நடுங்குகிறது. ஆனால் ஏன் என்று யோசிக்கவேண்டும். கத்தியின் மேல் ஆசையா? இல்லை. அதைத் தாண்டாவிட்டால் நான் பெரியவள் ஆகவே முடியாது, எனக்கு ஒரு ரீகா கிடையாது, யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரமாட்டார்கள் என்கிற பயம். சட்டம் போட்டவர்கள் கத்தியைப் பிடுங்கினார்கள். அதற்குப் பதிலாக ஒரு வாசலைத் திறந்துவைக்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து அதே வட்டாரத்தில் அந்த வாசல் திறந்தது.

1996. மேருவுக்குப் பக்கத்தில் தாரகா பகுதி. காட்டுங்கா என்கிற கிராமம். 'மாயெண்டலியோ யா வனவாகே' என்கிற கென்யப் பெண்கள் அமைப்பின் துணையோடு அங்கே சில அம்மாக்கள் உட்கார்ந்து பேசினார்கள். நம் சடங்கில் எது நல்லது, எது கெட்டது? வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று பேரேடு போடுகிற மாதிரி பிரித்து எழுதினார்கள். தனியாகத் தங்கவைப்பது, அத்தை சித்திகள் பாடம் சொல்வது, பாட்டு, ஆட்டம், விருந்து, பரிசு, ஊர் கூடி இவள் இனி பெரியவள் என்று அறிவிப்பது, எல்லாம் வரவு. கத்தி மட்டும் செலவு. அந்த ஒரு வரியை அடித்துவிட்டார்கள்.

சுமார் முப்பது பெண்பிள்ளைகள் ஒரு வாரம் தங்கினார்கள். உடம்பு, சுத்தம், ஆண்களிடம் பழகுவது, மரியாதை, தைரியமாக வேண்டாம் என்று சொல்வது எல்லாம் படித்தார்கள். கடைசி நாள் ஊரே கூடியது. சடங்குக்கு வைத்த பெயர் 'ந்தானிரா நா முகாம்போ'. சொல்லால் செய்கிற சடங்கு என்று அர்த்தம்.

சொல்லால்! டாக்டர் ஆர்தருக்கும் தோன்றாதது. கென்யாட்டாவுக்கும் தோன்றாதது.

*

உடனே எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மாற்றுச் சடங்கு பல மாவட்டங்களுக்குப் போனது. ஊர் மனசு மாறிய இடத்தில் வேலை செய்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் பந்தல் போட்டு சர்டிபிகேட் மட்டும் கொடுத்துவிட்டுப் போன இடங்களில், பின்வாசல் வழியாகக் கத்தி திரும்பி வந்தது. இதோடு பெண் கல்வி, சர்ச்சுகளின் பிரசாரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2001-ல் சிறுமிகளுக்கு இதைச் செய்வதைக் கென்யச் சட்டம் தடுத்தது. 2011-ல் முழுத் தடைச் சட்டம். 2021-ல் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. அரசாங்க சர்வே கணக்குப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கத்தி பட்டவர்கள் 1998-ல் 38 சதவிகிதம். 2014-ல் 21. 2022-ல் 15.

இதற்கு நேர் எதிரான கதைகளும் அதே நாட்டில் உண்டு. மேற்கு கென்யாவில் கிசி இனத்தாரிடம் பல குடும்பங்கள் ஆட்டத்தையும் பாட்டையும் பாடத்தையும் விட்டுவிட்டு, கத்தியை மட்டும் வைத்துக்கொண்டன. நர்ஸைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாக. சட்டத்துக்குப் பயந்து பெண்பிள்ளையின் வயதும் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றும் அறியாத குழந்தைக்கு என்ன நீதிபோதனை செய்யமுடியும்? பாடம் செத்துவிட்டது, காயம் மட்டும் பாக்கி.

ஆண்கள் பக்கமும் இதே மாதிரி ஒரு விபத்து நடந்தது. 1980-களின் கடைசியில் முங்கிகி என்றொரு கூட்டம் கிளம்பியது. கிகுயூ மதத்தை மீட்கிறோம் என்றார்கள். கென்யா மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள், சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். வேலையில்லாத நகரத்துப் பையன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அது மினிபஸ்காரர்களிடம் மாமூல் வசூலிக்கும் கும்பலானது. பெண்களுக்குக் கட்டாயமாகக் கத்தி வைப்போம் என்று மிரட்டியது. கொலைகள் விழுந்தன. 2002-ல் அரசாங்கம் தடை செய்தது. சத்தியப் பிரமாணம் இருந்தது. காப்பாளர் இல்லை, பாட்டி இல்லை, தப்பு செய்தால் தட்டிக்கேட்கிற மூத்தவர்கள் இல்லை. சடங்கின் தோலை மட்டும் உரித்து மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் சாதாரணக் குடும்பங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. ரொம்ப வருஷமாக, பையன்களை டிசம்பர் லீவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சுத்தமாக அறுவை செய்துவிட்டு, ஒரு வாரம் முகாமில் தங்கவைக்கிறார்கள். அங்கே அண்ணன்மார்கள், மாமன்மார்கள் வந்து வகுப்பு எடுக்கிறார்கள். குடி, போதை, படிப்பு, பெண்களிடம் நடந்துகொள்கிற விதம், ஒருத்தனுக்கு ஒருத்தன் துணையாக இருப்பது. இந்த முகாம்களைப் பல இடங்களில் நடத்துவது யார் தெரியுமா? சர்ச்சுகள். 1929-ல் கைநாட்டு கேட்ட ஸ்காட்லாந்து மிஷனின் வாரிசான பிரஸ்பிடேரியன் சர்ச்சும் அதில் உண்டு.

பாதிரியார் ரீகாவுக்குள் வந்துவிட்டார்.

பழசு என்றால் ஒன்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் கொட்டவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிகுயூ நாட்டில் அந்த இரண்டு கட்சியும் முட்டிக்கொண்டதில் பள்ளிக்கூடம் சிறையானது, பெண்பிள்ளைகள் பிளேடோடு காட்டுக்குப் போனார்கள். காட்டுங்கா அம்மாக்கள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். பட்டியலை எடுத்து, வரி வரியாகப் படித்து, ஒரே ஒரு வரியை அடித்தார்கள்.

அந்தப் பேனா 1929-லேயே பெண்கள் கைக்கு வந்திருந்தால்?